கிடைக்காத கிட்டைத் துரத்துறீங்களா? பெட்டியை விடுங்க, அச்சு எங்கே இருக்குன்னு பாருங்க



தங்கம், எஸ்.ஐ.பி., மனை, டெர்ம் இன்சூரன்ஸ் எல்லாம் நம்ம சேனல்ல நிறையப் பேசியாச்சு. இந்த வாரம் கொஞ்சம் வித்தியாசமான ஒரு சொத்து: பிளாஸ்டிக் மாடல் கிட். விமானம், டாங்கி, கப்பல், கார், ரோபோன்னு பெட்டிக்குள்ள துண்டு துண்டாக இருக்கும். நாமதான் வெட்டி, ஒட்டி, பெயின்ட் அடிக்கணும். இதில் உற்பத்தி நின்றுபோன பழைய கிட்களை மட்டும் தேடி அலைகிற ஒரு பெரிய கூட்டம் உலகம் முழுக்க இருக்கு. ஓ.ஓ.பி. என்று அவங்க பாஷையில் சொல்வாங்க, அதாவது இப்போ தயாரிப்பில் இல்லாதது. சம்பளம் கிரெடிட் ஆன மறுநாளே ஜப்பான் ஏலத் தளத்தில் விலை கேட்கிற நம்ம ஊர் பசங்களும் இந்தக் கூட்டத்தில் உண்டு.

ஆசைக்கு வாங்கி, ஒட்டி, அலமாரியில் வைத்து ரசிக்கிறவங்களை நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. அது சினிமா டிக்கெட் மாதிரி, ட்ரிப் போகிற மாதிரி ஒரு செலவு. "இது இன்வெஸ்ட்மென்ட் ப்ரோ, பத்து வருஷத்துல மூணு மடங்கு ஆகும்" என்று வீட்டிலும் சொல்லி, தனக்குத்தானேயும் சொல்லிக்கிறாங்களே, அவங்களுக்குத்தான் இந்தக் கட்டுரை. அந்த வாக்கியம் சில கிட்களுக்கு உண்மை என்பதுதான் பிரச்சினையே.

மூன்று மடங்கு கதை

'தி லார்டு ஆஃப் தி ரிங்ஸ்' படங்களை எடுத்த பீட்டர் ஜாக்சன் முதல் உலகப் போர் விமானங்கள் மேல் தீராத பைத்தியம் கொண்டவர். நியூசிலாந்தில் அவர் தொடங்கிய விங்நட் விங்ஸ் என்ற நிறுவனம் 2009-ல் கிட்களை விற்க ஆரம்பித்தது. எல்லாம் 1/32 அளவு, எல்லாம் முதல் உலகப் போர் விமானங்கள். கைப்பிடி நூல்போல ஒரு கையேடு, அதில் பழைய புகைப்படங்கள், எந்த விமானி எந்த நிறத்தில் ஓட்டினார் என்ற விவரம். கடைகளை நம்பாமல் தங்கள் இணையதளத்திலேயே விற்றாங்க. உலகம் முழுக்க இலவச டெலிவரி வேறு. ஒற்றை என்ஜின் விமானம் பெரும்பாலும் 100 டாலருக்குள் கிடைத்தது.

2020 தொடக்கத்தில் நிறுவனம் மூடப்பட்டது. பெரிய முன்னறிவிப்பு எதுவும் இல்லை. தளத்தில் ஸ்டாக் இல்லை, புதிதாக வரப்போவதும் இல்லை என்று தெரிந்ததும் ஏலத் தளங்களில் அதே பெட்டிகளுக்கு இரண்டு மடங்கு, மூன்று மடங்கு கேட்க ஆரம்பித்தாங்க. ஜாக்சன் மாதிரி லாபத்தைப் பற்றி அதிகம் கவலைப்படாத ஒரு முதலாளி இன்னொரு முறை கிடைக்க மாட்டார் என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் அந்த விலைக்கும் ஆள் இருந்தது.

இந்தக் கதையை வைத்துக்கொண்டுதான் பல பேர் கணக்குப் போடுறாங்க. இப்போ வாங்கி வைப்போம், கம்பெனி மூடும், விலை ஏறும்.

கம்பெனி மூடினால் விலை ஏறுமா? இரண்டு வருஷம் முன்னாடி, 2018-ல், அமெரிக்காவில் இன்னொரு நிறுவனம் திவாலானது. அங்கே நடந்தது இதற்கு நேர் எதிர். அதற்குப் போகும் முன் இந்தப் பொருள் எப்படி உருவாகிறது என்று இரண்டு நிமிஷம் பார்த்துடலாம்.

பெட்டிக்குள் இருப்பது பத்து ரூபாய் பிளாஸ்டிக்

பாலிஸ்டைரீன் மணிகளை உருக்கி, அதிக அழுத்தத்தில் ஓர் உலோக அச்சுக்குள் செலுத்தி, ஆறியதும் திறந்தால் ஒரு சட்டத்தில் பாகங்கள் ஒட்டிக்கொண்டு வெளியே வரும். நம்ம வீட்டு பிளாஸ்டிக் மக், சேர் எல்லாம் இதே முறைதான். ஒரு பெட்டிக்குள் போகும் பிளாஸ்டிக்கின் விலை அற்பம். பணம் முழுக்க அந்த எஃகு அச்சில் இருக்கிறது. வடிவமைப்பு, இறக்கையில் முடி அளவு கோடுகள், கதவு சரியாக உட்காரும் துல்லியம் எல்லாம் சேர்த்து ஒரு கிட்டுக்கான அச்சுத் தொகுப்பு பல லட்சங்களில் தொடங்கி, பெரிய கிட் என்றால் கோடியைத் தாண்டும்.

ஒரு முறை செய்துவிட்டால் அந்த அச்சு லேசில் சாகாது. நன்றாக எண்ணெய் போட்டு வைத்தால் ஐம்பது, அறுபது வருஷம் கழித்தும் வேலை செய்யும். அதனால் கம்பெனிகள் எல்லாக் கிட்டையும் எல்லா மாதமும் தயாரிப்பதில்லை. அச்சை மெஷினில் ஏற்றி, சில ஆயிரம் பெட்டிக்குத் தேவையானதை அடித்து எடுத்து, திரும்பக் கிடங்கில் வைத்துவிட்டு அடுத்த அச்சை ஏற்றுவாங்க. அந்த சில ஆயிரம் விற்றுத் தீர்ந்து அடுத்த முறை ஏற்றும்வரை கிட் சந்தையில் இருக்காது. அது ஒரு வருஷமாகவும் இருக்கலாம், பத்து வருஷமாகவும் இருக்கலாம். விற்பவர் 'அரிது' என்று எழுதியிருப்பதில் பெரும்பகுதி இந்த இடைவெளியில் இருக்கும் சரக்குதான்.

நிதி பாஷையில் சொன்னால், அச்சுக்கான செலவு எப்போதோ கணக்கில் கழிந்துபோனது. மறுபடி தயாரிக்க பிளாஸ்டிக், அட்டைப்பெட்டி, ஸ்டிக்கர் தாள், மெஷின் நேரம் மட்டும் போதும். சந்தையில் பழைய கிட்டுக்கு ஆயிரக்கணக்கில் பணம் கொடுக்க ஆள் இருக்கு என்று தெரிந்தால், அச்சு வைத்திருப்பவர் சும்மா இருப்பாரா? நீங்க கட்டி வைத்திருக்கும் விலையேற்றமே அவரைத் தயாரிக்கத் தூண்டும்.

இதற்கு நம்ம பசங்களுக்குத் தெரிந்த உதாரணம் கண்டம். பண்டாய் நிறுவனம் 1980-ல் வெளியிட்ட முதல் கண்டம் கிட், 1/144 அளவு, விலை 300 யென். அந்த அனிமே ஜப்பானில் எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு பொருளுக்கு 'முதல்' என்ற பெருமை இருந்தால் விலை ஏறும் என்ற கணக்குப்படி இது இன்று தங்க விலைக்குப் போயிருக்கணும். ஆனால் அச்சு பத்திரமாக இருக்கிறது, பண்டாயும் விடாமல் அடித்துக்கொண்டே இருந்தது. நாற்பது வருஷம் கழித்தும் அதே கிட் வரி சேர்த்து ஏறத்தாழ அதே விலைக்குக் கடையில் கிடைத்தது. பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தால் இது மதிப்பு குறைந்த சொத்து!

அச்சுகளுக்கும் பாஸ்போர்ட் உண்டு

இந்தத் துறையின் சுவாரசியமே அச்சுகளின் பயணம்தான். சேகரிப்பாளர்கள் இதைச் சொந்தக்கார வம்சாவளி மாதிரி ஒப்பிப்பாங்க.

இங்கிலாந்தின் ஃபிராக் இந்தத் தொழிலின் பாட்டன்களில் ஒன்று. 1936-லேயே பெங்குவின் என்ற பெயரில் பிளாஸ்டிக் விமானக் கிட்களைக் கொண்டுவந்தது. அவங்களுடைய மற்ற பொம்மை விமானங்கள் பறக்கும், இவை பறக்காது, அதனால் பறக்காத பறவையின் பெயர். 1970-களில் ஃபிராக் முடிவுக்கு வந்தபோது அச்சுகளில் பெரும்பகுதி சோவியத் ஒன்றியத்துக்குப் போனது. நோவோ என்ற பெயரில் மறுபடி பெட்டிகள் வந்தன. ஒரு வேடிக்கை: ஜெர்மனி, ஜப்பான் போன்ற எதிரி நாட்டு விமானங்களின் அச்சுகளை மட்டும் சோவியத் தரப்பு ஏற்கவில்லை. அவை ரெவெல் கைக்குப் போயின. ஒரே கம்பெனியின் அச்சுகள் இரண்டாம் உலகப் போர் அணி பிரிந்ததுபோலவே பிரிந்தன. நோவோவும் போன பிறகு, அந்த அச்சுகள் சோவியத் ஆலைகளுக்குள் சுற்றி, பெயரில்லாத பெட்டிகளிலும் வெறும் பிளாஸ்டிக் பைகளிலும் வந்துகொண்டே இருந்தன. லண்டனில் ஒருவர் ஃபிராக் பெட்டியைப் பொக்கிஷமாகப் பூட்டி வைத்திருந்த அதே வருஷங்களில், அதே விமானம் கிழக்கு ஐரோப்பாவில் பொம்மைக் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைத்தது.

ஏர்ஃபிக்ஸ் கதை இன்னும் நீளம். 1981-ல் திவால், ஜெனரல் மில்ஸ் கைக்குப் போனது. 1986-ல் ஹம்ப்ரோல் வாங்கியது. 2006-ல் ஹம்ப்ரோலும் விழுந்தது. அதே வருஷம் ரயில் பொம்மைகளுக்குப் பெயர்போன ஹார்ன்பி 26 லட்சம் பவுண்டுக்கு இரண்டு பெயர்களையும் சேர்த்து வாங்கியது. ஒவ்வொரு முறை கம்பெனி விழும்போதும் "இனி ஏர்ஃபிக்ஸ் கிடையாது" என்று பழைய பெட்டிகளின் விலை துள்ளும். ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் அச்சுகளை எடுத்து மறுபடி அடிப்பார். இப்போது 'விண்டேஜ் கிளாசிக்ஸ்' என்றே ஒரு வரிசை போட்டு, அறுபதுகளின் கிட்களைப் பழைய பெட்டி ஓவியத்தோடு புதிதாக விற்கிறாங்க.

சரி, நான் சொன்ன 2018-க்கு வருவோம். ரெவெல், மோனோகிராம் இரண்டும் அமெரிக்க மாடல் உலகின் பெரிய பெயர்கள். இவற்றை வைத்திருந்த ஹாப்பிகோ அந்த வருஷம் ஜனவரியில் திவால் மனு கொடுத்தது. ரெவெல் பெயரும் வியாபாரமும் ஒரு ஜெர்மன் முதலீட்டுக் குழுவிடம் போயின. பல பத்தாண்டுகளாகக் கிடங்கில் தூங்கிக்கொண்டிருந்த ஏராளமான பழைய அச்சுகளை நியூயார்க் மாநிலத்தின் அட்லான்டிஸ் என்ற ஒரு சிறிய நிறுவனம் வாங்கியது. அவை பெரிய கம்பெனிக்கு மீண்டும் அடிக்கத் தோன்றாத கிட்கள், அவ்வளவு சின்ன விற்பனை. ஆனால் சின்னக் கம்பெனிக்கு அதுவே பிழைப்பு. முப்பது, நாற்பது வருஷம் கண்ணில் படாத கிட்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாதாரணக் கடை விலைக்கு வர ஆரம்பித்தன. 'எப்படியும் இனி வராது' என்று பெரும் தொகை கொடுத்து வாங்கி வைத்திருந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்க.

விங்நட் மூடியபோது வழங்கல் நின்றது. ஹாப்பிகோ விழுந்தபோது வழங்கல் திறந்தது. இரண்டும் திவால், மூடல் வகைச் செய்திகள்தான். செய்தியைப் பார்த்து வாங்கினவர் பாதி நேரம் தப்பான பக்கம் நிற்பார். கேட்க வேண்டிய கேள்வி "அச்சு இப்போ யார் கையில், அவருக்கு அதை ஓட்ட வேண்டிய அவசரம் இருக்கா?" என்பதுதான். விங்நட் கதையிலும் இது நடந்தது. அவங்க வெளியிடத் தயாராக வைத்திருந்த ஃபாக்கர் மூன்றடுக்கு இறக்கை விமானம் மெங் என்ற சீன நிறுவனத்தின் பெட்டியில் வந்தது. லான்காஸ்டர் குண்டுவீச்சு விமானம் பார்டர் என்ற இன்னொரு நிறுவனத்துக்குப் போனது. விங்நட்டின் பழைய ஆட்கள் சிலர் கொட்டாரே என்ற பெயரில் 2022-ல் தனியாகவே ஆரம்பித்தாங்க.

அச்சே இல்லைன்னா?

அப்போ அச்சு அழிந்துபோன கிட் வாங்கினால் பத்திரம்தானே என்று சிலர் கேட்கலாம். நல்ல கேள்வி.

அமெரிக்காவின் ஆரோரா 1960-களில் ஃபிராங்கன்ஸ்டைன், டிராகுலா மாதிரி பேய்ப்பட உருவங்களைக் கிட்டாக விற்றுச் சக்கைபோடு போட்டது. 1977-ல் கம்பெனி முடிந்து அச்சுகள் மோனோகிராமுக்குப் போயின. கொண்டுபோகும் வழியில் ரயில் தடம்புரண்டு பல அச்சுகள் நாசமானதாக ஒரு கதை சேகரிப்பாளர் வட்டத்தில் உண்டு. எவ்வளவு நாசம் என்பதில் ஆளுக்கொரு கணக்கு. எப்படியோ, சில ஆரோரா கிட்கள் திரும்ப வரவே இல்லை. விலை எகிறியது. காட்ஸில்லா ஒரு கோ-கார்ட்டில் உட்கார்ந்திருப்பது மாதிரி ஒரு கோமாளித்தனமான கிட், அதற்கெல்லாம் ஆயிரக்கணக்கான டாலர் கொடுக்க ஆள் நின்றாங்க.

1990-களில் போலார் லைட்ஸ் என்று ஒரு பிராண்டு வந்தது. ஆரோரா என்றால் துருவ ஒளி, போலார் லைட்ஸ் என்றாலும் அதேதான், பெயரிலேயே விஷயத்தைச் சொல்லிட்டாங்க. அவங்க செய்தது எளிமையானது. ஒட்டாத அசல் ஆரோரா கிட்டை வாங்கி, பாகங்களை அளந்து, புதிதாக அச்சே செய்துட்டாங்க. ஆடம்ஸ் ஃபேமிலி வீடு 1995-ல் வந்தது. காட்ஸில்லாவின் கோ-கார்ட்டும் பின்னால் வந்தது.

இன்று இது இன்னும் சுலபம். கணினியில் வடிவமைத்து அச்சு வெட்டுகிற சீன, உக்ரைன், செக் நிறுவனங்கள் வருஷத்துக்கு எத்தனையோ புதுக் கிட்கள் கொண்டுவருகின்றன. "இந்த விமானத்துக்கு இந்த ஒரு கிட்தான் உலகத்திலேயே இருக்கு" என்ற நிலை நாளைக்குக் காலையில் ஒரு அறிவிப்பில் மாறலாம். அதுவும் பழையதைவிடப் பத்து மடங்கு நல்ல தரத்தில்.

அப்புறமும் யார்தான் காசு கொடுக்கிறாங்க?

வாங்குகிறவர்களில் இரண்டு ரகம். ஒட்டுகிறவர், வைத்திருக்கிறவர். ஒட்டுகிறவருக்குப் பிளாஸ்டிக்தான் வேணும், மறுவெளியீடு வந்தால் உங்களிடம் வர மாட்டார். விலை உடைவது இவர் போவதால்தான். வைத்திருக்கிறவருக்கு முதல் பதிப்புப் பெட்டி வேணும், அந்தக் காலத்து ஓவியம் வேணும், உள்ளே பை பிரிக்காமல் இருக்கணும். இவர் மறுவெளியீடு வந்த பிறகும் இருப்பார். ஆனால் எண்ணிக்கையில் ரொம்பக் குறைவு.

இவருடைய கண் எதையெல்லாம் பார்க்கும் என்பதற்கு ஒரு உதாரணம். ராய் கிராஸ் என்ற ஓவியர் அறுபதுகளின் நடுவிலிருந்து எழுபதுகளின் நடுவரை ஏர்ஃபிக்ஸ் பெட்டிகளுக்கு வரைந்தார். குண்டு விழும், தீ எரியும், புகை கிளம்பும், பெட்டியைப் பார்த்தாலே பையன்கள் மயங்கிடுவாங்க. எழுபதுகளின் பிற்பகுதியில் 'பிள்ளைகள் பொருளில் இவ்வளவு வன்முறையா' என்று அதே ஓவியங்களில் குண்டையும் வெடிப்பையும் அழித்துவிட்டு அச்சிட்டாங்க. உள்ளே இருக்கும் பிளாஸ்டிக்கில் ஒரு வித்தியாசமும் கிடையாது. ஆனால் குண்டு விழும் பெட்டிக்கும் குண்டு விழாத பெட்டிக்கும் இடையில் இவர் தேர்வு செய்வார்.

ஃபார்முலா 1 கார் கிட்கள் இன்னொரு ரகம். பழைய பந்தயக் கார்களில் சிகரெட் கம்பெனி பெயர்தான் பெரிதாக இருக்கும். பிற்கால மறுவெளியீடுகளில் அந்தப் பெயர்களை எடுத்துட்டாங்க. அதனால் காரின் பிளாஸ்டிக் புதிதாகக் கிடைத்தாலும் அசல் பெயரோடு வந்த டீகால் தாள் பழைய பெட்டியில்தான் இருக்கும். பெட்டியைவிட அந்தத் தாளுக்குக் கிராக்கி. அச்சு இருந்தும் திரும்ப வர முடியாத கிட்களும் உண்டு. சினிமா, கார் கம்பெனி உரிமம் முடிந்துபோனால் சட்டம் தடுக்கும். உரிமம் புதுப்பித்தால் அதுவும் திறந்துகொள்ளும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம்

இது முழுக்க நான் எடுத்துக்கொண்ட உதாரண எண்கள், சந்தைப் புள்ளிவிவரம் இல்லை.

ஒரு கிட் 5,000 ரூபாய். 15 வருஷம் கழித்து 20,000-க்கு விற்கிறீங்க. நான்கு மடங்கு! ஊரெல்லாம் சொல்லிக்கொள்ளலாம். வருஷத்துக்குக் கூட்டு வட்டியாகப் பார்த்தால் சுமார் 9.7 சதவீதம். தளக் கட்டணம், பேக்கிங், கூரியர் என 15 சதவீதம் போனால் கையில் 17,000. அப்போது சுமார் 8.5 சதவீதம். மோசமில்லை, ஆனால் 'நான்கு மடங்கு' என்ற சத்தத்துக்கு ஏற்ற எண் இல்லை.

யாரும் ஒரே ஒரு கிட் வாங்கி நிறுத்துவதில்லை. பத்து வாங்கியிருக்கீங்க, மொத்தம் 50,000. அதில் இரண்டு நான்கு மடங்கு ஆச்சு: 40,000. ஐந்து வாங்கிய விலையிலேயே நிற்குது: 25,000. மூன்றுக்கு மறுவெளியீடு வந்து பாதியாச்சு: 7,500. கூட்டினால் 72,500. விற்கும் செலவு 15 சதவீதம் கழித்தால் 61,625. பதினைந்து வருஷத்துக்கு வருமானம் வருஷம் 1.4 சதவீதம். அதே 50,000-ஐ 7.1 சதவீதக் கூட்டு வட்டியில் பி.பி.எஃப். மாதிரி ஒன்றில் போட்டு மறந்திருந்தால் சுமார் 1,40,000. இத்தனைக்கும் இந்த உதாரணத்தில் ஐந்துக்கு ஒன்று ஜாக்பாட் அடிச்சிருக்கு.

வாங்கும்போது ஏறும் செலவை இன்னும் சேர்க்கவில்லை. ஜப்பான் ஏலத்தில் வெளிநாட்டிலிருந்து பெரும்பாலும் இடைத்தரகு நிறுவனம் வழியாகத்தான் வாங்கணும். அவங்க கமிஷன், ஜப்பானுக்குள் ஒரு கூரியர், இங்கே வர ஒரு கூரியர், கார்டில் அந்நியச் செலாவணி மார்க்அப். அப்புறம் சுங்கம். நம்ம சுங்க அட்டவணையில் ஸ்கேல் மாடல்கள் பொம்மைகளோடு ஒரே தலைப்பில்தான் வரும். அந்தத் தலைப்புக்கு அடிப்படைச் சுங்க வரியை 2020-ல் 20-லிருந்து 60 சதவீதமாகவும், 2023-ல் 70 ஆகவும் உயர்த்தினாங்க. தனிநபர் பார்சலுக்கு வேறு கணக்கில் வரி போடுவதும் உண்டு. பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் விகிதம் மாறும், அதனால் ஆர்டர் போடும் அன்றைக்கு என்ன விகிதம் என்று பாருங்க. வரி பொருளின் விலைக்கு மட்டும் இல்லை, கூரியர் செலவையும் சேர்த்த தொகைக்கு. "கிஃப்ட்னு எழுதி அனுப்பச் சொல்லு மச்சி" என்கிற பழைய யோசனை 2019 டிசம்பரோடு காலி, அந்தச் சலுகையையே எடுத்துட்டாங்க.

இதையெல்லாம் கிரெடிட் கார்டில் போட்டு மினிமம் ட்யூ மட்டும் கட்டிக்கொண்டிருப்பவர் இருந்தால், அவர் மாதம் 3 சதவீதத்துக்கு மேல் வட்டி கட்டி 1.4 சதவீதச் சொத்து வாங்குகிறார்.

தேடத்தான் போறீங்கன்னா

முதலில் விலை. ஏலத் தளத்தில் போட்டிருப்பது கேட்கும் விலை. மனை புரோக்கர் சொல்லும் விலை மாதிரி. அதே தளத்தில் 'விற்று முடிந்தவை' என்று ஒரு ஃபில்டர் இருக்கும், அதைத் தட்டுங்க. 300 டாலர் கேட்டு ஆறு மாதமாகக் கிடக்கும் அதே கிட் போன வாரம் 90-க்கு விற்றிருக்கும். இணைய ஏலம் வருவதற்கு முன்னால் ஒரு ஊரில் ஒருத்தரிடம் இருந்தால் அது அரிது. எல்லார் பரணும் ஒரே சந்தையில் கொட்டப்பட்ட பிறகு 'அரிது' என்று நினைத்த பல கிட்கள் நூற்றுக்கணக்கில் வெளியே வந்தன.

இரண்டாவது, நான் திரும்பத் திரும்பச் சொல்வது. ஸ்கேல்மேட்ஸ் என்று ஒரு தகவல் தளம் இருக்கு. கிட்டின் பெயரைப் போட்டால் அச்சு எந்த வருஷம் செய்யப்பட்டது, பிறகு எந்தெந்தக் கம்பெனிப் பெட்டியில் எந்த வருஷம் வந்தது என்று ஒரு கோடு போட்டுக் காட்டும். மனைக்கு வில்லங்கச் சான்று பார்ப்பது மாதிரி. ஐந்தாறு வருஷத்துக்கு ஒரு முறை வந்துகொண்டே இருக்கும் கிட் என்றால் பொறுத்திருங்க, திரும்ப வரும். ஒரே ஒரு முறை வந்து முப்பது வருஷமாகச் சத்தமே இல்லை, கம்பெனியும் இல்லை என்றால் அது வேறு விஷயம்.

மூன்றாவது, பொருளின் நிலை. பிளாஸ்டிக் அழியாது என்பது பாதி உண்மை. டீகால் தாள் மஞ்சளாகும், வெடித்து உதிரும். வெயில் படும் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வைத்தால் மஞ்சள் ஓரளவு வெளுக்கும். பழைய கார், டாங்கி கிட்களில் வரும் மெத்தென்ற டயரும் பட்டையும் காலப்போக்கில் பக்கத்தில் தொடும் பாகத்தை உருக்கிவிடும். சீல் பிரிக்காத பெட்டியை அதிக விலைக்கு வாங்கி வைத்திருப்பார், உள்ளே சக்கரம் டயரோடு கரைந்து ஒட்டிக்கொண்டிருக்கும், பிரிக்காமல் தெரியாது. பிரித்தால் விலை போச்சு. அந்த சீலும் அசலா என்று சொல்ல முடியாது, சுருங்கும் பிளாஸ்டிக் தாளும் ஹீட் கன்னும் யாரிடமும் இருக்கும். இதுக்கு மேல நம்ம ஊர் ஈரக்காற்று, அட்டையும் கையேடும் என்றால் உயிரை விடும் ராமபாணப் பூச்சி, டிசம்பர் வெள்ளம் வேறு.

நகை என்றால் ராத்திரி பத்து மணிக்கு ஆஸ்பத்திரிச் செலவு வந்தாலும் காலையில் அடகுக் கடையில் வைத்துப் பணம் எடுக்கலாம். கிட்டை எந்தக் கடையிலும் வைக்க முடியாது. சரியான ஆள் வந்து சரியான விலை கொடுக்க ஆறு மாதமும் ஆகலாம். அதனால் அவசரகால நிதி ஆறு மாதத்துக்கு இல்லாதவர், டெர்ம், ஹெல்த் இன்சூரன்ஸ் எடுக்காதவர் இந்தப் பக்கம் 'முதலீடு' என்ற சொல்லோடு வரவேண்டாம். அடிக்கடி வாங்கி விற்கிறீங்கன்னா வருமான வரித்துறை அதை வியாபார வருமானமாகப் பார்க்க வாய்ப்பு இருக்கு, பில்களை வைத்துக்கொண்டு ஆடிட்டரிடம் ஒரு முறை பேசிடுங்க.

பரணில் இருப்பது வீட்டுக்குத் தெரியுமா?

கடைசியாக ஒன்று. இதை யாரும் பேசுவதில்லை.

இந்த உலகத்தில் ஒரு பழைய ஜோக் உண்டு. "நான் செத்த பிறகு என் பெண்டாட்டி, நான் என்ன விலைக்கு வாங்கினேன்னு சொன்னேனோ அந்த விலைக்கே எல்லாத்தையும் வித்துடுவாளோன்னுதான் பயம்." எல்லாரும் சிரிப்பாங்க, ஏன்னா எல்லாரும் வீட்டில் விலையைக் குறைச்சுத்தான் சொல்லியிருப்பாங்க. ஆயுசுக்கும் ஒட்டி முடிக்க முடியாத அளவுக்குச் சேர்த்து வைப்பதற்கென்றே ஆங்கிலத்தில் ஒரு கேலிச் சொல் இருக்கு என்றால் பாருங்க.

அந்த ஜோக்கில் பண விஷயம் ஒன்று ஒளிந்திருக்கு. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் ஏர்ஃபிக்ஸ், ஆரோரா ஒட்டி வளர்ந்த தலைமுறைதான் இன்று மேற்கு நாடுகளில் பெரிய சேகரிப்புகளை வைத்திருக்கிறது. அவங்க வயதாகி ஒவ்வொருத்தராகப் போகப் போக, நூறு, ஐந்நூறு என்று பெட்டிகள் மொத்தமாகச் சந்தைக்கு வருகின்றன. குடும்பத்துக்கு எது அரிது, எது சாதாரணம் என்று தெரியாது. மொத்தமாக வாங்கும் வியாபாரி வந்து, வேனில் ஏற்றிக்கொண்டு, சில்லறை விலையில் ஒரு சிறு பகுதியைக் கொடுத்துவிட்டுப் போவார். அவர் மேல் தப்பு சொல்ல முடியாது. அதில் முக்கால்வாசியை விற்க அவருக்கு வருஷக்கணக்கில் ஆகும். அதே நேரம் அந்தக் குறிப்பிட்ட பெட்டி ஓவியத்தைப் பார்த்தால் சின்ன வயசு ஞாபகம் வருகிற ஆட்களும் குறைந்துகொண்டே வர்றாங்க. விற்கப் பொருள் கூடுது, வாங்க ஆள் குறையுது. நீங்க 2040-ல் யாருக்கு விற்கப் போறீங்க என்று கேட்டுப் பாருங்க. 1965 ஏர்ஃபிக்ஸ் பெட்டியைவிட 2005 கண்டம் பெட்டிக்கு அப்போது ஆள் இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் பண்டாயிடம் அந்த அச்சு இன்னும் இருக்கும்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. பரணில் ஐம்பது பெட்டி வைத்திருப்பவர் மனசில் ஓடும் மதிப்பும் வியாபாரி வேனில் ஏற்றும்போது சொல்லும் மதிப்பும் வேறு வேறு. நெட் வொர்த் ஷீட்டில் கிட்களுக்கு ஒரு வரி போட்டே ஆகணும் என்றால், விற்று முடிந்த விலைகளின் நடுவில் இருக்கும் எண்ணை எடுத்து, அதில் பாதியைப் போடுங்க. போன மாத சேனல் டெம்ப்ளேட்டில் 'பிற சொத்துகள்' என்று ஒரு வரிசை விட்டிருக்கேன், அங்கேயே போடலாம்.

கூடவே ஒரு பட்டியல். கிட் பெயர், கம்பெனி, எந்த வருஷப் பெட்டி, என்ன கொடுத்தீங்க (உண்மையான விலை!), பை பிரித்ததா இல்லையா, எந்த ஐந்து பெட்டிகளைத் தனியாக விற்கணும், மீதியை மொத்தமாகக் கொடுத்துடலாமா, இதை விற்க உதவக்கூடிய நம்பிக்கையான நண்பர் யார். பாலிசி, பி.எஃப். நாமினி விவரம் வைத்திருக்கும் அதே ஃபைலில் ஒரு பிரின்ட் அவுட்டாக வைங்க. வீட்டில் ஒருத்தரிடம், அந்த விலைக் காலத்தை விரலால் காட்டி, ஒரு தடவை சொல்லிடுங்க. அன்றைக்கு ராத்திரி கொஞ்சம் சத்தம் வரும், அதுக்கும் தயாரா இருங்க.